கூலன்ட்ல எதுக்குப்பா தண்ணி?

இன்னைக்கு எபிசோடு என் முட்டாள்தனத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் என் பழைய காருக்கு நானே கூலன்ட் மாத்தினேன். வாங்கினது கான்சன்ட்ரேட். தண்ணீர் கலந்து ஊற்றவும் என்று லேபிளிலேயே இருந்தது. ஆனா நான் இன்ஜினியர் ஆச்சே! தண்ணி கலந்தா சரக்கோட வீரியம் குறையும்னு முடிவு பண்ணி அப்படியே ஊத்திட்டேன். அந்த வாரமே, மே மாச வெயில்ல, தாம்பரம் டிராஃபிக்ல, டெம்பரேச்சர் முள் மேல ஏற ஆரம்பிச்சது.

ஏன்னு தேடினப்போதான் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் கதை கிடைத்தது.

கூலன்ட்டில் முக்கியமான பொருள் எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1850களிலேயே அதைத் தயாரித்துவிட்டார். காருக்கு வந்தது ரொம்ப லேட்: அமெரிக்காவில் பிரெஸ்டோன் 1927இல்தான் விற்பனைக்கு வந்தது. அதுவரை குளிர் நாடுகளில் ரேடியேட்டரில் ஆல்கஹால் கலந்தார்கள். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும்.

விமானக்காரர்களுக்கு வேற பிரச்சினை. உயரம் போகப் போக தண்ணீர் 100 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும். கிளைக்காலோ 197 டிகிரி வரை தாங்கும். இன்ஜினைச் சூடாகவே ஓட்டலாம், ரேடியேட்டரும் சின்னதா இருந்தா போதும், காற்றுத் தடை குறையும். அதனால் ஸ்பிட்ஃபயரில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினின் ஆரம்ப மாடல்களில் ஓடியது 100 சதவீத கிளைக்கால். நான் பண்ணதேதான், ஆனா அவங்க காரணத்தோட பண்ணாங்க.

சிக்கல் எங்கே? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கிளைக்காலுக்குச் சுமார் 2.4 போதும். அதாவது ஒரே அளவு ஓடினாலும், இன்ஜினிலிருந்து அது அள்ளிக்கொண்டு போகிற சூடு கம்மி. போதாததற்கு, கசிந்தால் தீப்பிடிக்கும். போர் விமானத்துல!

தீர்வு நம்ம வீட்டு பிரஷர் குக்கர் தத்துவம்தான். அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. ஸ்பிட்ஃபயர் மார்க் 2இல் வந்த மெர்லின் 12, 70 சதவீதம் தண்ணீர், 30 சதவீதம் கிளைக்காலுக்கு மாறியது. இன்ஜின் ஆயுள் கூடியது, தீ பயமும் போனது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது: தண்ணீர் 0 டிகிரியில் உறையும், சுத்தமான கிளைக்கால் சுமார் மைனஸ் 13இல். பாதிக்குப் பாதி கலந்தால்? மைனஸ் 37! ஒன்றை இன்னொன்று படிகமாக விடாது.

சென்னையில எது உறையப்போகுது, வெறும் தண்ணியே ஊத்தலாமேன்னு கேப்பீங்க. கூடாது. துருப் பிடிக்காமல் காக்கிற ரசாயனங்கள் கூலன்ட் பாட்டிலில்தான் இருக்கின்றன. போர் தண்ணீரும் வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. பாட்டில்ல ரெடி மிக்ஸ்னு போட்டிருந்தா எதுவும் கலக்காதீங்க.

நான் எல்லாத்தையும் வடிச்சிட்டு பாதிக்குப் பாதி ஊத்தினேன். முள் இப்போ நடுவுல நிக்குது. வடிச்சதைக் கேன்ல பிடிச்சு மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டேன். கிளைக்கால் இனிக்கும், விஷம். தெருவுல ஊத்தினா நாய் நக்கிடும்.