பாராசிட்டமால் மாத்திரையும் ஐன்ஸ்டீன் கணக்கும்

1/ ஆழ்வார்பேட்டையிலிருந்து வர்ற ஒரு அம்மா. புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பார்க்க பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன். எடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. "உடம்புக்குள்ள பொருள் அழிஞ்சு சக்தியா மாறுமாமே டாக்டர்? அணுகுண்டு கணக்கும் அதானாமே?" பையன் படிச்சுச் சொல்லியிருக்கான்.

பையன் சொன்னது சரிதான். ஆனா யாரும் கணக்கைப் போட்டுப் பார்க்கல. வாங்க, போடுவோம்.

2/ 1905. ஐன்ஸ்டீனுக்கு வயது 26, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை. அந்த செப்டம்பரில் மூணே பக்கத்துல ஒரு கட்டுரை அனுப்பினார். சாரம் இதுதான்: நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், அதில் அடங்கிய ஆற்றல் கிடைக்கும். ரேடியம் உப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

3/ 500 மில்லிகிராம் பாராசிட்டமாலை எடுத்துக்கோங்க. அது முழுசா ஆற்றலா மாறினா சுமார் 1.25 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் எரிக்கிற 4,000 வீடுகளுக்கு ஒரு வருஷம் தாராளமா வரும்!

4/ ஆனா மாத்திரை அப்படி மாறாது. யுரேனியமே மாறாது. ஹிரோஷிமா குண்டில் இருந்தது சுமார் 64 கிலோ யுரேனியம். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஆற்றலா மாறிய நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. நம்ம கல்பாக்கம் உலையிலும், பிளக்கிற யுரேனியத்தின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறுவதில்லை.

5/ அப்போ முழுசா மாறுவது எங்கே? 1932இல் கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களை ஆராயும்போது பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். எலக்ட்ரானோட எதிர்த்துகள் அது. ரெண்டும் சந்திச்சா ரெண்டுமே காலி. பதிலுக்கு எதிரெதிர் திசையில் ரெண்டு காமா கதிர். பெட் ஸ்கேன் பிடிக்கிறது அந்த ஜோடியைத்தான்.

6/ ஊசியில் போடுவது ஃப்ளூரின்-18 சேர்த்த குளுக்கோஸ். 10 மில்லிகியூரி போட்டா, மொத்தம் சுமார் 3.5 லட்சம் கோடி பாசிட்ரான்கள் வரும். பயமா இருக்கா? அத்தனையும் அழிஞ்சு வர்ற ஆற்றல் அரை ஜூலுக்குக் கொஞ்சம் மேல. மேசையில இருக்கிற காபி டம்ளரை வாய் வரைக்கும் தூக்குற ஆற்றல், அவ்வளவுதான்.

7/ கதிர்வீச்சு இல்லவே இல்லைன்னு சொல்லல. இருக்கு. அதனாலதான் தேவைப்பட்டா மட்டும் எழுதுறோம். கர்ப்பமா இருந்தா, பால் கொடுத்தா முன்கூட்டியே சொல்லச் சொல்றோம். ஆனா நோய் எங்கே இருக்குன்னு தெரியாமலே வைத்தியம் பண்றது இதைவிட ஆபத்து.

அந்த அம்மா ஒத்துக்கிட்டாங்க. கிளம்பும்போது ஒரே கேள்வி: "காலைல காபி குடிச்சுட்டுப் போலாமா?"

கூடாதும்மா. வெறும் வயித்துலதான் போகணும்.