குதிரை ஏறாத மலை

1645 ஜூனில் நேஸ்பி வெளியில் இங்கிலாந்து அரசனின் படையைச் சிதறடித்தது குரொம்வெல்லின் குதிரைப்படை. அந்த உள்நாட்டுப் போரின் முடிவு அன்றே ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது. அதற்கு ஏழு ஆண்டு முன்னர், 1638 மார்ச் 28 அன்று, கன்னொறுவையில் போர்த்துக்கேயரை கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் அழித்தபோது, வேலை முழுவதும் காலாட்களுடையது. மலைநாட்டு வழிகள் ஒற்றையடிப் பாதைகள். அவற்றை அகலப்படுத்த அரசன் விடுவதில்லை என்றும், முள்வாயில் போட்டுக் காவல் வைத்தார்கள் என்றும் அங்கே பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். ஆகவே மலைதான் கண்டியைக் காத்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

1594இல் தந்துரே, 1630இல் ரந்தெனிவெல, பிறகு கன்னொறுவை: மூன்றிலும் உத்தி ஒன்றுதான். ஏறிவரும் போர்த்துக்கேயப் படையைக் கணவாயில் மறித்து முட்டிக்கொள்வதில்லை. கண்டியோ பதுளையோ, வந்து எரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். திரும்பும்போதுதான் போர். பாதைக்குக் குறுக்கே மரங்கள் விழும், சுமைகாரர் ஓடிவிடுவர், நீண்டு ஒற்றை வரிசையாகிப்போன படைமீது இரு பக்கக் காட்டிலிருந்தும் அம்பும் குண்டும் பாயும். ஆனால் அந்தப் படையில் பெரும்பகுதி யார்? லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ச் சிங்களக் காலாட்கள். மூன்று போரிலும் அவர்கள் போர்த்துக்கேயரைக் கைவிட்டார்கள். ரந்தெனிவெலயில் களத்திலேயே திரும்பித் தாக்கினார்கள், தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அங்கேயே மாண்டான். மலை பொறி வைத்தது என்றால், அதை மூடியவர்கள் இவர்கள்.

மலை மட்டுமே போதாதா என்று கேட்பவர்களுக்கு 1818 பதில் சொல்லும். அதே மலை, அதே காடு, அதே காய்ச்சல். ஆங்கிலேயருக்கு எதிராக ஊவாவில் மூண்ட கிளர்ச்சி இன்றைய நுவரெலியா மாவட்டத்து வலப்பனைக்கும் பரவியது. அதை அடக்க அவர்கள் அனுப்பிய கண்டிப் பிரதானி கெப்பிட்டிபொல கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டு, ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பினான் என்பர். மானமுள்ள செயல்தான்; போர்க்கணக்கில் நட்டம். மறுபக்கம் இன்னொரு பிரதானி மொல்லிகொட ஆங்கிலேயருடனேயே நின்றான். அவனது நான்கு கோறளைப் பகுதி அடங்கியிருந்ததால் கொழும்பு–கண்டி வழி அடைபடவில்லை. கிளர்ச்சியாளருக்குள்ளும் பிளவு: அவர்கள் அரசனாக முடிசூட்டியவன் நாயக்கர் வம்சத்தவன் அல்லன், போலி என்று தெரிந்ததும் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவனான மடுகல்லே அவனைப் பிடித்துக் கட்டிவைத்தான். இதை வெறும் அந்நியர் எதிர்ப்பு என்று எழுதினால் போதாது. கண்டியர் இருபுறமும் நின்ற உள்நாட்டுப் போரும் இதற்குள் இருந்தது.

வயலையும் மாட்டையும் அழித்துப் பட்டினி போட்டதால்தானே ஆங்கிலேய ஆளுநர் பிரௌன்ரிக் வென்றான் என்பது வலுவான மறுப்பு. அந்தக் கொடுமை நடந்தது. ஊவா மீளப் பல காலம் ஆனது. ஆனால் போர்த்துக்கேயரும் எரித்தவர்களே. எரித்த கையோடு அதே பாதையால் இறங்க வேண்டியிருந்ததால் அழிந்தார்கள். ஆங்கிலேயர் இறங்கவில்லை. நோயில் ஏராளமானோர் செத்தும், திறந்திருந்த வழியால் அரிசியும் இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்களும் ஏறிக்கொண்டே இருந்ததால், மலைக்குள் காவல்முகாம்களை நிறுத்திவைக்க முடிந்தது.

1818 நவம்பர் 26 அன்று கெப்பிட்டிபொலவும் மடுகல்லேயும் கண்டியில் கொல்லப்பட்டார்கள். அடுத்து ஆங்கிலேயர் செய்த வேலை, அரசர்கள் அகலப்படுத்த விடாத பாதைகளை வண்டி போகும் தெருக்களாக்கியது. அந்தத் தெருக்கள் வழியே கோப்பியும், பின்னால் தேயிலையும், நம்மவர்களும் மலையேறிய கதை அடுத்த வாரம்.