கருகும் மணம் எங்கிருந்து வருகிறது? பழைய கியர் கார் வைத்திருப்போருக்கு

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வழி திறந்தாலும் வரியோடு சேர்த்து வரும் விலை எங்களில் அநேகருக்கு எட்டாதது. ஆகவே வன்னியில் இன்றும் ஓடுபவை பெரும்பாலும் பழைய வாகனங்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசில் வாங்கிய கார், நாலு பேர் கைமாறி வந்த வான், பாதி மனுவல் கியர், பாதி கராஜ்காரரின் கைவேலை. இவை பழுதாகும்போது முதலில் தெரிவிப்பது மணத்தால். அதைப் புரிந்துகொண்டால் செலவும் மிஞ்சும், சில வேளை உயிரும் மிஞ்சும்.

நான் பளையில் இருப்பவன். பழைய கியர் கார் ஒன்றை ஏ-9 வீதியில் பல வருடமாக ஓட்டுகிறேன். நாற்பது வயது கடந்த எங்கள் ஆட்களுக்கு வாகனத்தின் மணம் புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைக்கவில்லை. ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எனவே கொஞ்சப் பெற்றோலைக் காபறேற்றருக்கு விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கியது, பிளக்கில் கரி படிந்தது. ஆனாலும் நோயாளியும் கர்ப்பிணியும் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்தின் கெட்டித்தனம் பெருமைக்குரியது. ஆனால் அதோடு வந்த ஒரு பழக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. ‘இப்போதைக்கு ஓடினால் போதும்’ என்று பியூஸுக்குப் பதில் கம்பித் துண்டு, எரிபொருள் குழாய்க்குப் பதில் கையில் கிடைத்த றப்பர்க் குழாய். அன்று வேறு வழியில்லை. இன்று பியூஸ் கடையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. மணம் வந்தபின்னும் ஓடும்வரை ஓடட்டும் என்று விடுவதற்குக் காரணம் இல்லை.

எந்த மணம், எந்தப் பழுது

கருகிய கடதாசி போன்ற மணம்: இது கிளச். பளை, இயக்கச்சிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் சில்லுப் புதைந்து, பாதிக் கிளச்சில் எஞ்சினை இரையவிட்டால் உடனே வரும். கிளச் பிளேட் வழுக்கி உராயும்போது அதன் மேற்பூச்சுக் கருகுவதே காரணம். ஒரு தடவை வந்து, காரை ஆறவிட்டதும் போய்விட்டால் பயமில்லை. தினமும் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வெறுமையான நேர்வீதியில் நாலாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும்போது அக்சிலேற்றரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது ஓயில் ஒழுகி அதில் பட்டிருக்கிறது. கிளச் பெடலில் காலை வைத்தபடியே ஓடுவது, இரண்டாம் கியரில் கிளம்புவது, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவது மூன்றும் பிளேட்டைத் தின்னும். மணலில் புதைந்தால் கிளச்சோடு போராடாமல், ரயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சில்லுக்கடியில் தென்னோலையோ பலகையோ போட்டு எடுங்கள். தார் வீதிக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும்.

மூக்கைக் குத்தும் காரமான மணம், ஒரு சில்லிலிருந்து மட்டும்: இது பிறேக். முதலில் ஹாண்ட் பிறேக் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், கடனீரேரி உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து பிறேக் பிஸ்ரனை இறுக்கியிருக்கலாம். நிறுத்தியபின் ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான். சூடான பிறேக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது. டிஸ்க் நெளியும், சில வேளை வெடிக்கும்.

கருகிய எண்ணெய் மணம், பொனற்றிலிருந்து மெல்லிய புகை: எஞ்சின் மேல்மூடியின் கஸ்கற் தேய்ந்து, ஓயில் சூடான புகைபோக்கிக் குழாயில் சொட்டுகிறது. சிறிய வேலைதான். ஆனால் ஓயில் மட்டத்தை அளவுகோலில் பார்க்காமல் ஓடினால் எஞ்சினே இறுகிவிடும்.

இனிப்பு மணம்: குளிர்த்தி நீர் ஒழுகுகிறது. எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், சில இடங்களில் உப்பும் உண்டு. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்ரும் காய்ச்சி வடித்த நீரும் மட்டுமே விடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணித்தியாலமாவது பொறுங்கள்.

உருகும் பிளாஸ்ரிக் மணம்: இதுதான் மிக ஆபத்தானது. முதலில் சைலன்சரில் சொப்பிங் பையொன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வயர் கருகுகிறது. 10 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியோ ஈயத்தாளோ சுற்றியிருந்தால், பியூஸ் எரிவதற்குப் பதில் வயர் எரியும். கூடுதல் கோர்ண், லைற், பாட்டுப் பெட்டி பூட்டிய கார்களில் இது அடிக்கடி நடக்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. நீரில் கிடந்த காரின் வயர் இணைப்புகள் உள்ளே மெல்லப் பச்சை பூத்து, வருடங்கள் கழித்துச் சூடேறும். பழைய கார் வாங்கும்போது இருக்கைக்குக் கீழே, கம்பளத்துக்கடியில் சேற்றுத் தடம் உண்டா என்று தடவிப் பாருங்கள்.

பச்சைப் பெற்றோல் மணம்: ஸ்ரார்ட் செய்யாதீர்கள். குழாயும் கிளிப்பும் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

வைக்கோல் கருகும் மணம்: அறுவடைக் காலத்தில் வீதியில் பரவிய வைக்கோலின் மேல் ஓடினால் அது சில்லுத் தண்டிலும் புகைக்குழாயிலும் சுற்றிக்கொள்ளும். கோடையில் காய்ந்த புல்லின் மேல் சூடான காரை நிறுத்துவதும் அப்படித்தான், கீழேயிருந்து தீப்பிடிக்கும்.

கார் சொன்னபடி கேட்காவிட்டால்

பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் பிறேக் ஒருபுறம் இறுகியிருக்கிறது, அல்லது மறுபுறம் வேலை செய்யவில்லை. சும்மா ஓடும்போதே இழுத்தால் ரயர்க் காற்றையும் சில்லு நேரமைப்பையும் பாருங்கள். மணிக்கு 80ஐ அண்டும்போது ஸ்ரேறிங் நடுங்கினால் சில்லின் சமநிலை குழம்பியிருக்கிறது. பிறேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் நெளிந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்பும் கார் மூன்று தரம் ஆடினால் ஷொக் அப்சோபர் போய்விட்டது.

ஆனையிறவில் கார் தள்ளாடுவது எப்போதும் பழுதால் அல்ல. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த கடனீரேரி வழியே பக்கக்காற்று நேராக அடிக்கும். லொறியை முந்தும்போது காற்று ஒரு கணம் மறைந்து திரும்ப மோதும். வேகத்தைக் குறைத்து, இரு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடியுங்கள்.

இளைஞர்கள் சிலர் ஸ்பிறிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குகிறார்கள். உண்மையான ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்பிறிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்டவை. வெட்டிய ஸ்பிறிங்கில் நாலு பேர் ஏறினால் வளைவில் ரயர் உள்மூடியில் உரசும், எரிந்த றப்பர் மணம் வரும். அந்த ரயர் ஏ-9 வேகத்தில் வெடிக்கலாம். ரயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும் பத்து வருடம் கடந்த ரயரில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

புகை வந்தால்

வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். கார் நின்ற பிறகே சாவியை மூடுங்கள். ஓடும்போது மூடி எடுத்தால் ஸ்ரேறிங் பூட்டிக்கொள்ளும். எல்லோரையும் இறக்குங்கள், பிள்ளைகள் முதலில். பொருட்களுக்காகத் திரும்பிப் போகாதீர்கள். தீ இன்னும் பிடிக்கவில்லை, வயர் மணம் மட்டும்தான் என்றால் பற்றறியின் மறை முனையைக் கழற்றலாம். பொனற்றுக்குள் தீ தெரிந்தால் முழுதாகத் திறக்க வேண்டாம், காற்றுப் புகுந்து கொழுந்துவிடும். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று இருக்கைக்கடியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மணல். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு விதியும் உண்டு. முகமாலை உட்பட இந்தப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல வருடங்கள் நீண்டது. காரிலிருந்து விலகி ஓடும்போது தார் வீதி வழியே பின்னோக்கி ஓடுங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் இறங்காதீர்கள்.

கராஜுக்குப் போகும்போது ‘மணக்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன மணம், எந்தப் பக்கம், எந்த வேகத்தில், பிறேக் பிடிக்கும்போதா கியர் மாற்றும்போதா என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்குக்குத் தேடும் நேரம் குறையும். தேவையில்லாத சாமான் மாற்றும் செலவு உங்களுக்குக் குறையும்.