மாடியில் நிற்கும் குடைகளின் கதை

நம் குடியிருப்பின் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். அங்குள்ள டிஷ் குடைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. ஒன்று ஏறக்குறைய தெற்கே, இன்னொன்று தென்கிழக்கே, வேறொன்று கிழக்கே. பொருத்த வந்தவர் இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டுப் போனதல்ல இது. ஒவ்வொரு நிறுவனமும் வானத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள செயற்கைக்கோளைப் பயன்படுத்துகிறது. குடை அந்த இடத்தை மட்டுமே பார்க்கும். எந்தக் குடை வாங்கலாம் என்று கேட்பவர்கள் மாதச் சந்தாவுக்கு முன் விசாரிக்க வேண்டியது இந்தத் திசையைத்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான யோசனையை 1945 அக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் பூமியின் சுழற்சியோடு ஒத்துப் போகும். கீழிருந்து பார்க்கும் நமக்கு அது அசையாமல் நிற்கும். அதனால்தான் குடையை ஒருமுறை திருப்பி நட்டை முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

இந்தியாவில் முதல் பெரிய சோதனை 1975 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஓராண்டு காலம் நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. கிராமத்துக்கு ஒரு பெட்டி, சுமார் 10 அடி அகலக் குடை ஒன்று. குடைக்குப் போட்டது கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலைதான்! அலை நீளமாக இருந்ததால் வலையின் ஓட்டைகள் ஒரு பொருட்டே இல்லை. கொழும்பில் குடியேறியிருந்த கிளார்க்கின் வீட்டிலும் நம் விண்வெளித் துறையினர் ஒரு குடை வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நமக்கு அதே ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ஆனால் கோபுரத்திலிருந்து வரும் அலை நேர்கோட்டில் செல்வது. உளுந்தூர்பேட்டை சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

அடுத்த திருப்பம் வேடிக்கையானது. 1984-ல் ஏவப்பட்ட வெஸ்டார்-6 என்ற கோள் தவறான பாதையில் சிக்கிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் விண்கல ஓடத்தில் போனவர்கள் அதைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். பழுது பார்க்கப்பட்டு, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் ஏசியாசாட்-1 என்ற பெயரில் அது மறுபடி மேலே போனது. 1991-ல் ஸ்டார் டிவி வந்தது இந்தப் பழைய கோள் வழியாகத்தான். அதைப் பிடிக்க பல அடி அகலக் குடை தேவைப்பட்டதால் எல்லார் வீட்டிலும் வைக்க முடியவில்லை. கேபிள்காரர் ஒரு பெரிய குடையை வைத்துத் தெருவெல்லாம் ஒயர் இழுத்தார். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் அந்த ஒயர் போகாத தெருக்கள் வேகமாகக் குறைந்தன.

குடை சிறுத்ததற்குக் காரணம் 'கேயூ' அலைவரிசை. பழைய 'சி' அலையின் நீளம் 7.5 சென்டிமீட்டர் அளவு. இதில் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். கோள்களின் ஒலிபரப்பு வலிமையும் கூடியது. ஆகவே 60 சென்டிமீட்டர் குடை போதும் என்றாயிற்று. ஆனால் 1997-ல் மத்திய அரசு வீட்டுக்கு நேரடி ஒளிபரப்பைத் தடைசெய்தது. 2000 நவம்பரில்தான் அனுமதிக்க முடிவெடுத்தது. 2003-ல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லா சேவை, 2006-ல் டாடா ஸ்கை என வரிசையாக வந்தன.

2010 ஜூலை 7 அன்று நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 93.5 டிகிரி கிழக்கில் நின்ற இன்சாட்-4பி கோளில் சூரியத் தகடு ஒன்றிலிருந்து மின்சாரம் வருவதில் கோளாறு ஏற்பட, 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12 அணைக்கப்பட்டன. சன் டைரக்ட் 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3 கோளுக்கு மாற வேண்டியதாயிற்று. வித்தியாசம் இரண்டே டிகிரிதான். ஆனால் 60 சென்டிமீட்டர் குடையின் பார்வையே மூன்று டிகிரிக்குள் அடங்கும். எனவே வீடு வீடாகக் குடையைத் திருப்ப வேண்டியிருந்தது. மதில் ஓரம் எட்ட முடியாத மூலையில் குடையை மாட்டியவர்கள் பாடு திண்டாட்டம்தான். கை எட்டும் இடத்தில் குடையைப் பொருத்தச் சொல்லுங்கள்.

நம் ஊரிலிருந்து கணக்குப் போட்டால், 83 டிகிரியில் உள்ள டாடா பிளே கோள் தெற்கிலிருந்து சற்றே கிழக்கே, கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. 93.5-ல் உள்ள டிடி ஃப்ரீ டிஷ் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில். 108.2-ல் உள்ள ஏர்டெல் கிழக்கை ஒட்டி, 54 டிகிரி உயரத்தில். வடக்கு, மேற்கு பார்த்த பால்கனிகளுக்கு மூன்றுமே எட்டாது. தெற்கு பால்கனியிலும் ஒரு சிக்கல் உண்டு. குடையின் முகம் தாழ்ந்து பார்ப்பதுபோல் தெரிந்தாலும் அலை அதைவிட 20 டிகிரிக்கும் மேலே, செங்குத்தாக இறங்குகிறது. மேல்வீட்டு பால்கனித் தளம் அதை மறைத்துவிடும். ஆகவேதான் எல்லாக் குடையும் மாடிக்கு ஏறுகிறது, தளத்தில் துளை விழுகிறது, மழைக்காலத்தில் கடைசி மாடி வீட்டில் ஒழுகுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் உறைவது கேயூ அலையை மழைத்துளி விழுங்குவதால். 90 சென்டிமீட்டர் குடையின் பரப்பு 60-ஐப் போல் இரண்டேகால் மடங்கு. சாதாரண மழையை அது தாங்கும், கொட்டும் மழையை அதுவும் தாங்காது.

ஒரே நிறுவனத்தின் சேவை வாங்கும் நான்கு வீடுகள், நான்கு முனை உள்ள எல்.என்.பி. ஒன்றைப் போட்டு ஒரே குடையைப் பகிரலாம். பெட்டியும் கட்டணமும் அவரவருடையது. அதற்கு மேல் வீடுகள் சேர்ந்தால் மல்டிஸ்விட்ச் என்ற பகிர்வுப் பெட்டி தேவைப்படும். குடையைத் தளத்தில் துளையிடாமல், கான்கிரீட் கட்டையில் நிறுத்தலாம். சந்தா நிறுத்திவிட்ட பழைய குடைகள் மாடியில் இருந்தால், அவற்றை இந்த மழைக்கு முன் கழற்றிவிட்டு, துளைகளை அடைத்துவிடுங்கள்.