தில்லித் தமிழ்ச் சிறார்க்குச் சொல்வளக் கல்வி: முன்னொட்டு வழி ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் பின்னொட்டு மொழி. வேற்றுமை, காலம், பால், எதிர்மறை முதலிய இலக்கணக் கூறுகள் சொல்லின் இறுதியிலேயே வந்தமைகின்றன. திராவிட மொழிகளில் பெயர்க்கு முன் வரும் உருபுகளுக்கு ஈடாகப் பெயர்க்குப் பின் வரும் உருபுகளே வழங்குகின்றன என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பில் முன்னொட்டு என்று கற்பிக்க என்ன உள்ளது என்னும் வினா எழுகிறது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் கேட்டு வளரும் தில்லித் தமிழ்ச் சிறாரைப் பொறுத்தவரை இவ்வினா நடைமுறைத் தேவையாகிறது.

பள்ளிகளின் பின்னணி

தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு 1911இல் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து அரசு அலுவலகங்களில் பணியாற்றத் தமிழர் பலர் தில்லியில் குடியேறினர். அவர்தம் மக்களின் கல்விக்கென 1923இல் தோன்றிய அமைப்பு மதராசி கல்விச் சங்கம் என்னும் பெயரால் அறியப்பட்டுப் பின்னர்த் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என வழங்கலாயிற்று. இக்கழகம் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் பள்ளிகளை நடத்தி வருகிறது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்தல் வேண்டும் என்னும் 350அ பிரிவு 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்டது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இலக்கண மரபில் முன்னொட்டு

தமிழுக்கே உரிய முன்னொட்டுகள் மிகச் சிலவே. அ, இ, உ ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு எனக் குறிக்கிறது. நன்னூல் எ, யா ஆகியவற்றை மொழிமுதலில் வரும் வினாவாகக் கூறுகிறது. இச்சிலவற்றைக் கொண்டு சொற்குடும்பங்கள் பல அமைகின்றன: அங்கு, இங்கு, எங்கு, அன்று, இன்று, என்று, அப்படி, இப்படி, எப்படி, அத்தனை, இத்தனை, எத்தனை. ஒரு குழந்தை ஓர் அமைப்பை உணர்ந்தால் பன்னிரண்டு சொற்கள் வசமாகின்றன.

தில்லிக் குழந்தைக்கு இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. இதர், உதர், கிதர் என்றும், இத்னா, உத்னா, கித்னா என்றும் இந்தியில் இதனையொத்த அடுக்கை அது முன்னரே அறிந்துள்ளது. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. இந்தியில் உகரத் தொடக்கம் சேய்மையைக் குறிக்கிறது. தமிழில் சேய்மைக்கு உரியது அகரமே. உகரம் இடைநிலைச் சுட்டு. இன்று அது யாழ்ப்பாணப் பேச்சில் உவன், உங்கே என வாழ்கிறது. ஆகவே இரு மொழியின் அடுக்கையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் ஒற்றுமை துணையாகும். வேற்றுமை குழப்பம் தராது.

இரண்டு அகரங்கள்

வடசொற்களின் வழியாக வேறோர் அகரமும் தமிழில் வழங்குகிறது. நீதி – அநீதி, நியாயம் – அநியாயம், சுத்தம் – அசுத்தம் ஆகியவற்றில் அகரம் எதிர்மறைப் பொருளது. வடமொழி இலக்கணம் இதனை உபசர்க்கங்களுள் சேர்ப்பதில்லை. நஞ் என்று தனியே கூறும். எழுத்து ஒன்றாயினும் இரண்டு அகரங்களும் புணர்ச்சியில் வேறுபடுகின்றன. அந்த நீதி என்னும் பொருளில் வருவது அந்நீதி. நீதியின்மையைக் குறிப்பது அநீதி. ஓர் ஒற்றின் வருகை பொருளை மாற்றிவிடுகிறது. எழுத்தும் ஒலிப்பும் பொருளும் ஒருசேரப் பயிலத்தக்க இடம் இது. ஞானம் என்பதன் எதிர்மறை அஞ்ஞானம் என இரட்டித்து வருவது விதிவிலக்கு. வடமொழியின் மெய்ம்மயக்கம் அதற்குக் காரணம்.

1916 முதல் வலுப்பெற்ற தனித்தமிழ் இயக்கம் இத்தகைய சொற்களை நீக்க முனைந்தது. தமிழகத்தில் அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஆயினும் இந்தியிலும் கேட்கும் அநியாயம், அசுத்தம் முதலியன தில்லிக் குழந்தைக்குத் தமிழினுள் நுழையும் வாயில்களாகின்றன. வாயிலைக் கடந்தபின் தமிழின் இயல்பான எதிர்மறையைக் காட்டுதல் வேண்டும். அது சொல்லிறுதியில் நிற்பது: தூய்மையற்ற, படிக்காத, வரவில்லை. ஆங்கில முன்னொட்டு ஒவ்வொன்றுக்கும் தமிழ் முன்னொட்டைத் தேடும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும். அஃறிணை, அல்வழி என்னும் பழஞ்சொற்களில் 'அல்' முன்னின்றதும், மறுபதிப்பு, துணைவேந்தர் என்பவற்றில் 'மறு', 'துணை' முன்னிற்பதும் உண்மையே. ஆனால் இவை பெரும்பாலும் தொகைச்சொல்லின் முதற்கூறுகளே அன்றித் தூய முன்னொட்டுகள் அல்ல.

பேச்சுத்திறன்

பேச்சில் 'அந்த வீடு' என்பதே வழக்கு, 'அவ்வீடு' ஏட்டுக்குரியது. ஏட்டு வடிவத்தை முதலிற் புகட்டினால் வீட்டில் கேட்கும் தமிழ் பிழையானது என்று குழந்தை கருதக்கூடும். சிங்கப்பூரில் 2005இல் நிகழ்ந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அங்கும் வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்பது அரிது என்பதால் அப்பட்டறிவு தில்லிக்கும் பயன்படும். பேச்சு வடிவம் முதலிலும், அதன்மேல் எழுத்து வடிவமும் என்பதே தகுந்த வரிசை எனலாம்.

இவ்வரிசையின் தேவை அலுவலர் குடும்பங்களோடு நிற்பதன்று. தமிழ்க் கூலித்தொழிலாளர் பல்லாண்டுகளாக வாழ்ந்த ஜங்புராவின் மதராசி முகாம் 2025 சூன் 1 அன்று அகற்றப்பட்டது. தகுதியுடையனவாகக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மேற்கூறிய ஏழு பள்ளிகளுள் ஒன்றும் நரேலாவுக்கு அருகில் இல்லை. பள்ளி எட்டாத இடத்தில் குழந்தைக்கு எஞ்சுவது வீட்டுப் பேச்சு மட்டுமே. அங்கு, இங்கு, எங்கு என்னும் அப்பேச்சிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் முறை, வகுப்பறைக்கு வெளியிலும் கைக்கொள்ளத்தக்கதாகும்.