மான்ட்போர்ட் பள்ளி, ஏற்காடு

மான்ட்போர்ட் பள்ளி சேலம் மாவட்டம் ஏற்காட்டில், சேர்வராயன் மலையில் அமைந்துள்ள உறைவிடப் பள்ளி. தூய கபிரியேல் மான்ட்போர்ட் சகோதரர்கள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1917இல் இதைத் தொடங்கினர். பிரான்சில் வாழ்ந்த அருட்பணியாளர் லூயி தெ மான்ட்போர்ட் (1673–1716) பெயரைப் பள்ளி தாங்கியுள்ளது. அவருக்கு 1947இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

பின்னணி: சேலம் ஆட்சியர் எம். டி. காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருக, ஐரோப்பியக் குடும்பங்கள் குடியேறின. சுமார் 1,500 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சி உறைவிடப் பள்ளிகளுக்கு ஏற்றதாக இருந்தது. குளுனி தூய சூசையப்பர் சபைக் கன்னியர் நடத்தும் திரு இருதயப் பள்ளி 1894ஆம் ஆண்டிலேயே இங்கு தொடங்கியது.

வளர்ச்சி: மான்ட்போர்ட் ஆங்கிலோ-இந்தியப் பள்ளியாக வளர்ந்தது. இவ்வகைப் பள்ளிகளுக்கு விடுதலைக்கு முன்பு கிடைத்துவந்த மானியத்தை அரசியலமைப்பின் 337ஆம் பிரிவு உடனே நிறுத்தவில்லை. படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டுகளில் முடிவுக்குக் கொண்டுவந்தது. மானியம் பெற, ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்களைப் பிற சமூகத்தாருக்குத் திறந்துவைக்க வேண்டும் என்றும் விதித்தது. தோட்டக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியரும் பெருமளவில் வெளியேறிய பின்னரும் ஏற்காட்டுப் பள்ளிகள் நிலைத்தன; சமவெளி நகரங்களின் இந்தியக் குடும்பங்கள் தம் பிள்ளைகளை இங்கு அனுப்பின.

முன்னாள் மாணவர்கள்: எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சசி தரூர், முன்னாள் மத்திய அமைச்சர் அன்புமணி ராமதாஸ் ஆகியோர் இங்கு பயின்றவர்கள். பள்ளி 2017இல் நூற்றாண்டை எட்டியது.