உதைத்துவிட்டு ஓடிய பையன்

'சமூக மனவெழுச்சிக் கற்றல்' என்று இன்று பயிற்சிக் கையேடுகளில் அச்சாகும், பிறரோடு பழகவும் உணர்ச்சிகளைக் கையாளவும் கற்றுத்தரும் முறையின் முக்கியமான வேர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கிறது. 1968-இல் அங்கே இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார் ஜேம்ஸ் கோமர், யேல் பல்கலைக்கழகக் குழந்தை ஆய்வு மையத்தின் மனநல மருத்துவர். பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் ஏழைக் கறுப்பினத்தவர். 1969 தேர்வுகளில் நகரின் 33 தொடக்கப் பள்ளிகளில் இவை இரண்டும்தான் கடைசி.

கோமர் இரும்பாலைத் தொழிலாளியின் மகன். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பிள்ளைகள் ஐவரும் சேர்ந்து 13 பட்டங்கள் வாங்கினார்கள். ஆனால் அவரோடு வளர்ந்த, அறிவில் அவருக்குக் குறையாத நண்பர்கள் மூவரில் ஒருவர் குடியால் இறந்தார், ஒருவர் சிறையில் கிடந்தார், ஒருவர் மனநோயில் உழன்றார். ஏன் இப்படி ஆனது என்ற கேள்விதான் கோமரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது.

அவர் எழுதிய ஒரு நிகழ்ச்சி, தொடக்கப் பள்ளி ஆசிரியையான என்னை விடவே இல்லை. வட கரோலினாவின் கிராமத்திலிருந்து வந்த எட்டு வயதுப் பையன். வேலைக்குப் போகிற வழியில் அத்தை அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனார். ஏற்கெனவே புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்து திணறிக்கொண்டிருந்த ஆசிரியையின் முகம் சுண்டியது. பையன் அவர் காலில் உதைத்துவிட்டு ஓடினான். வழக்கமாக என்ன நடக்கும்? தண்டனை, மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு, சண்டை, கடைசியில் 'முரடன்' என்ற பெயர். ஆனால் கோமர் வேலை செய்த பள்ளியில் ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசினார்கள்: தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்? புதுப் பிள்ளையை வகுப்பே வரவேற்கும் முறை அதிலிருந்து வந்தது. ஒரே ஆசிரியர் இரண்டு ஆண்டு அதே வகுப்போடு தொடரும் ஏற்பாடும் செய்தார்கள். யார் மேல் தப்பு என்று தேடுவதில்லை என்பது பள்ளியின் விதியானது.

பழகும் முறைக்கான பாடத்திட்டம் பிறகுதான், 1977-இல் வந்தது. அதுவும் பெற்றோரைக் கேட்டு. மேயர் தேர்தலின்போது பிள்ளைகளே வேட்பாளர்களுக்குக் கடிதம் எழுதி அழைத்து, வரவேற்றுப் பேசவைத்தார்கள். மொழிப் பாடமும் பழகும் முறையும் ஒன்றாகவே நடந்தன.

1984-இல் நான்காம் வகுப்புத் தேர்வில் கோமரின் திட்டத்திலிருந்த இரண்டு பள்ளிகள் நகரில் மூன்றாம், நான்காம் இடம் பெற்றன. அங்கு படித்தவர்கள் அப்போதும் ஏழைப் பிள்ளைகள்தான்.

வாரம் ஒரு பீரியட், ஒரு கையேடு என்று சமூக மனவெழுச்சிக் கற்றலை முடித்துக்கொள்ளும் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தலைமையாசிரியர்களே, கையேட்டைப் பிரிப்பதற்கு முன், நாளை புதிதாகச் சேரும் பிள்ளையை வாசலில் நின்று யார் அழைத்து வருவார் என்பதை முடிவு செய்யுங்கள்.